சாம்பிராணி மரம் வாயை அடைத்துக்கொண்ட கதை

மரத்துக்கும் மிருகத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், உலகத்தில் நிம்மதி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. இப்போது மனிதர்கள் மட்டும்தான் புத்தி சொல்கிறார்கள், அதையே நம்மால் தாங்க முடியவில்லை. அப்போது கரடி புத்தி சொல்லும், மந்தி புத்தி சொல்லும், தன் பாட்டுக்கு வழியில் போகிற முள்ளம்பன்றிகூட நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும்.

அந்தக் காலத்தில் ஒரு மலையூரில் வீரி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மாதன் என்று ஒரே தம்பி. அப்பனும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனை வளர்த்ததும் அவள்தான், நாகி என்ற பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவள்தான். அந்த நாகி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதன் திரும்பவே இல்லை. பேச்சு நின்றது. களி உருண்டையை வைத்தால் வைத்த இடத்தில் காய்ந்தது. எப்போதாவது ஒரு மடக்கு தண்ணீர் குடித்தான். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இவனும் போய்விடுவான் என்று வீரிக்குத் தெரிந்துவிட்டது.

அவன் வாய்விட்டு அழுதிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அழ முடியாது. அந்த ஊரில் அப்படி ஒரு கட்டு இருந்தது. செத்தவள் ஒரு பெரிய பாறை வழியாக மேலே ஏறிப் போகிறாளாம். புருஷன் கண்ணீர் விட்டால் அந்தப் பாறை நனைந்து, அவள் பாதியில் வழுக்கி விழுந்துவிடுவாளாம். அதனால் அடுத்த மழைக்காலம் வரும்வரை அவன் கண் கலங்கக் கூடாது. மீறி அழுதவனை ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் வைத்துவிடுவார்கள், ஒருவரும் அவனோடு பேச மாட்டார்கள். பெண்கள் மட்டும் மாரடித்து அழலாம். எங்கள் கண்ணீர் பட்டால் பாறை வழுக்காதா என்று வீரி ஒரு தடவை கேட்டாள். ஊர் மூப்பனான பெரியப்பா சடையன் தாடியை நீவிக்கொண்டு, "அது வேற கண்ணீர்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசி என்ன பயன்?

துக்கம் கேட்க வந்தவர்கள் லேசில் போகவில்லை. பெரியப்பா காலையில் வருவார். "மனசைத் தேத்திக்கடா. அழுதுடாத, அவ வழுக்கிடுவா" என்பார். மந்தி கூரையில் உட்கார்ந்து, "உலகத்துல உனக்கு மட்டுமா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, யார் யாருக்கெல்லாம் நடந்தது என்று பொழுது சாயும்வரை சொல்லும். கரடி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். "தேன் சாப்புடச் சொல்லு. எனக்கு மனசு சரியில்லன்னா நான் தேன்தான் சாப்புடுவேன்" என்னும். அதற்கு மனசு சரியாக இருக்கும்போதும் தேன்தான் என்பது ஊருக்கே தெரியும். வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். அதனால்தான் விரட்டவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் வீரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒருநாள் மைனா வந்து வேலியில் உட்கார்ந்தது.

"வீரி, சாம்பிராணி போட்டுப் பாத்தியா? பாறைச் சரிவுல நிக்குதே ஒரு மரம், அதோட பிசினைத் தணல்ல போட்டாப் போதும். புகை உள்ள போகும், துக்கம் வெளிய போகும்."

"நீ பாத்தியா?"

"பாத்தவங்க சொன்னாங்க."

"யாரு பாத்தது?"

"தேவாங்கு."

வீரி தேவாங்கைத் தேடிப் போனாள். பகலில் தேவாங்கைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கண்டுபிடித்து எழுப்பினால், அது கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் எங்க பாத்தேன்? கரடி பாத்துச்சு. யாருக்கோ போட்டு உடனே சரியாயிடுச்சாம்" என்றது. வீரி மலையின் அந்தப் பக்கம் இறங்கிக் கரடியிடம் போனாள். கரடி ஒரு தேனடையை நக்கிக்கொண்டே யோசித்தது.

"நான் பாக்கலையே. ஆனா நிச்சயமா நடந்த விஷயம்தான். மைனாவே சொல்லுச்சு."

வீரி திரும்பி நடந்தாள். நின்றிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. கால் வலிக்க மலையைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள். மூன்று பேரும் அடித்துச் சொன்னார்கள், மூன்று பேரும் பார்க்கவில்லை. சரி, மரத்தையே கேட்டுவிடுவோம் என்று பாறைச் சரிவுக்கு ஏறினாள்.

அங்கே போனால் மரத்தைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கூட்டம். மண் இல்லாத வெறும் பாறை இடுக்கில், பட்டை சுருள் சுருளாக உரிந்து நின்றது அந்த மரம். அடிமரத்தில் ஒரு பிளவு, அதுதான் வாய். முள்ளம்பன்றி தன் முள் உதிர்வதற்கு இந்தப் பிசின் கேட்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தன் மாமியார் வாய்க்குக் கேட்குமா என்றான்.

"தெரியாது" என்றது மரம்.

"சும்மா சொல்லுங்க. கேக்கும்தானே?"

"தெரியாதுப்பா."

"அப்ப கேக்காதா?"

"அதுவும் தெரியாது. தெரியாதுன்னா தெரியாதுதான். இதை எத்தனை விதமாச் சொல்லுறது?"

அந்த மரத்துக்கு ஒரு குணம். தெரிந்ததைத்தான் சொல்லும், தெரிந்ததை மறைக்கவும் மறைக்காது. மலை முழுக்க அதற்கு அந்தப் பேர் உண்டு. வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை என்று வந்தால்கூட அதைத்தான் சாட்சி கேட்பார்கள். அது சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தபின் வீரி தன் தம்பி கதையைச் சொன்னாள். மரம் பொறுமையாகக் கேட்டது.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதாம்மா. வண்டு என்னைக் குடையும். குடைஞ்ச இடத்துல பால் கசியும். அது இறுகி ஓட்டையை அடைச்சுக்கும். அவ்வளவுதான் என் வைத்தியம், அதுவும் எனக்குத்தான். அதை எடுத்து நீங்க தணல்ல போட்டா உங்களுக்குள்ள என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைக் கேட்டாலும் இதே கதைதானா?"

"கோவிச்சுக்காத. கீழ உதிர்ந்து கிடக்கு பாரு, பொறுக்கிட்டுப் போ. போட்டுப் பாரு. பாத்ததை வந்து எங்கிட்டச் சொல்லு. பாத்ததை மட்டும் சொல்லு. இதுவரைக்கும் எல்லாரும் கேக்கத்தான் வந்தாங்க, போட்டுப் பாத்துட்டு வந்து சொன்னவங்க ஒருத்தரும் இல்ல."

வீரி மடி நிறையப் பிசின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சட்டியில் தணல் அள்ளி, இரண்டு துண்டைப் போட்டு, மாதன் உட்கார்ந்திருந்த மூலையில் வைத்துவிட்டு ராகி அரைக்கப் போனாள். வந்து பார்த்தால் தணல் சாம்பலாகிக் கிடந்தது. பிசின் பாதி உருகி அப்படியே இறுகியிருந்தது. மாதன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான். இதற்காகவா மலையைச் சுற்றினோம் என்று அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

மறுநாள் அந்தக் கோபத்திலேயே சட்டியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முறத்தால் விசிறினாள். தணல் மங்கினால் விசிறினாள், புகை குறைந்தால் ஒரு துண்டு போட்டாள். ராகி அரைப்பு, தண்ணீர், ஆடு எல்லாம் அன்றைக்குக் கிடப்பில் கிடந்தன. வீடு முழுக்கப் புகை மூடிக்கொண்டது. எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை.

மந்தி கூரை வழியாகத் தலையை நீட்டி, "உலகத்துல உனக்கு மட்டுமா" என்று ஆரம்பித்து, இருமி, மேலே சொல்ல முடியாமல் ஓடிப்போனது. கரடி வாசலிலேயே தும்மிவிட்டுத் திரும்பியது. அப்புறம் பெரியப்பா வந்தார். புகைக்குள் துழாவி வந்து குனிந்து மாதன் முகத்தைப் பார்த்தார். அவன் கன்னம் ஈரமாக இருந்தது.

"டேய், அழுவுறியா?"

"புகை பெரியப்பா" என்றாள் வீரி. "உங்க கண்ணைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். அவர் கன்னமும் நனைந்துதான் இருந்தது. இருமிக்கொண்டே வெளியே போனார்.

அதன் பிறகு மாதன் அழுதான். முதலில் புகைக்கு வந்த கண்ணீர்தான். அது எந்த இடத்தில் நாகிக்கான கண்ணீராக மாறியது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரிக்கே தெரியவில்லை. தோள் குலுங்கியது. சத்தம் வராமல் இருக்க மேல்துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசிறிக்கொண்டே இருந்தாள், கை வலித்துப்போனது. புகை அடங்கியபின் அவன் களி உருண்டையில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டான்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அத்தோடு கும்பிட்டு எழுந்திருப்பாள். வீரிக்கு மரம் சொன்னது உறுத்தியது. வெறும் புகைக்கும் கண்ணீர் வருமே, அப்புறம் பிசின் எதற்கு? அடுத்த நாள் பிசின் போடாமல் ஈர இலையைப் போட்டு மூட்டினாள். கண்ணீர் வந்தது, இருமலும் வந்தது. மாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். அதற்கடுத்த நாள் மறுபடி பிசின் போட்டாள். உட்கார்ந்தான், அழுதான், சுவரில் சாய்ந்தபடி தூங்கியும் போனான். நாகி போனபின் அவன் கண் மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பார்த்ததை எல்லாம் மரத்திடம் போய்ச் சொன்னாள். துண்டைக் கடித்ததைக்கூட மறைக்கவில்லை. மரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இலையெல்லாம் சலசலத்தது.

"அப்ப வாசனையிலயும் ஏதோ இருக்குங்கிற."

"இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல. புகை மறைச்சதுல பாதி, பக்கத்துல ஆள் இருந்ததுல பாதி, வாசனை பாதி."

"மூணு பாதி வருதே?"

"அதனாலதான் சரியாத் தெரியலன்னு சொல்றேன்."

"இது போதும்" என்றது மரம். "இந்த அளவுக்காவது ஒருத்தி பாத்துட்டு வந்தியே."

கிளையில் உட்கார்ந்திருந்த மைனா இதையெல்லாம் கேட்டது. எதைக் கேட்டது? 'வாசனையில் ஏதோ இருக்கு' என்பதைக் கேட்டது, 'மாதன் அழுதான்' என்பதைக் கேட்டது. மற்றது அதன் காதில் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் மலை முழுக்க இரண்டு செய்தி பரவியது. சாம்பிராணி எல்லாத் துக்கத்தையும் தீர்க்கும் என்று மரமே சொல்லிவிட்டதாம். மாதன் கட்டை மீறி அழுதுவிட்டானாம்.

மறுநாள் ஊர் திரண்டு பாறைச் சரிவுக்குப் போனது. பாதிப் பேர் கையில் கூடை, பாதிப் பேர் கையில் கோடாலி. பெரியப்பா மாதனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. தூங்கி எழுந்தவனை ஒரு வாய் சாப்பிடக்கூட விடாமல் இழுத்துப் போகிறார்களே என்று வீரி திட்டிக்கொண்டே, காலையில் மூட்டிய சட்டியைக் கையிலிருந்து கீழே வைக்கவும் தோன்றாமல் பின்னாலேயே ஓடினாள்.

"மரமே, பொய் சொல்லாதவன்னு உனக்குப் பேரு" என்றார் பெரியப்பா. "நீ சொன்னா ஊர் ஒத்துக்கும். இவன் அழுதானா, இல்ல புகையா?"

 எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மரத்திடம் போய் ஒப்பித்தவள் வீரிதானே. மரம் அழுதான் என்று சொன்னால் மாதனுக்குத் தனிக் குடிசை. பேச ஆள் இல்லாமல், விசிற ஆள் இல்லாமல், அவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

மரம் பேசவில்லை.

"சொல்லு" என்று ஒருவன் கோடாலியால் ஒரு கொத்துக் கொத்தினான். கொத்திய இடத்தில் பால் கசிந்தது. கூடைக்காரர்கள் அதை வழித்துக்கொண்டார்கள். "துக்கம் தீருமா தீராதா, அதையும் சொல்லு" என்று இன்னொருவன் கொத்தினான். மரம் எத்தனையோ தடவை தெரியாது என்று சொல்லியிருக்கிறது, ஒருவர்கூட ஏற்றுக்கொண்டதில்லை. இன்றைக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறார்கள். அதைச் சொன்னால் ஒருவன் சாவான். பொய் சொல்ல அதற்கு வராது.

"மரமே" என்றாள் வீரி. 

மரம் அவளை ஒரு தடவை பார்த்தது. பிறகு கொத்துப்பட்ட இடத்தில் எல்லாம் கசிந்த பாலைத் தன் பிளவுக்கு இழுத்தது. சொட்டுச் சொட்டாக அது வாயில் வந்து நிறைந்தது, வெள்ளையாகத் திரண்டது, மஞ்சளாக இறுகியது. வாயும் மூடிக்கொண்டது. ஒருவன் கல்லால் தட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா, ஊமையாயிடுச்சு" என்றது மைனா.

"உன்னாலதான்" என்றாள் வீரி. அவளுக்குள் இத்தனை நாள் கடித்து வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "உங்க எல்லாராலயும்தான். தெரியாதுன்னு சொன்னா விடுறீங்களா? தெரியும்னு சொன்னா முழுசாக் கேக்குறீங்களா? அவன் அழுதா என்ன, அழாட்டி என்ன? ஒரு பொழுது அவன் பக்கத்துல சும்மா உக்காந்தீங்களா நீங்க?"

கையில் இருந்த சட்டியில், கீழே சிந்திக் கிடந்த பிசினை அள்ளிப் போட்டாள். முந்தானையால் விசிறினாள். புகை குபுகுபுவென்று கிளம்பிக் கூட்டத்தை மூடியது. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க. யாரு கண்ணுல புகை, யாரு கண்ணுல துக்கம்? பிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

எல்லோர் கண்ணிலும் நீர் வழிந்தது. யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை. கடைசியாகப் பெரியப்பா முன்னால் வந்து நின்றாள். அவர் மனைவி செத்து எத்தனையோ மழை போய்விட்டது. அழக்கூடாது என்று சொன்ன காலத்தில் அழாமல் இருந்தார். அழலாம் என்று ஆனபோது, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்படியே விட்டுவிட்டார். இப்போது புகை முகத்தில் பட்டதும் அவர் கண்ணைத் துடைக்கவில்லை. தாடி நனைந்தது. "செல்லி" என்று மனைவி பேரை ஒரு தடவை சொன்னார், வேறு யாருக்கும் கேட்கவில்லை.

மாதன் தட்டுத் தடுமாறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல பெரியப்பா" என்றான். "புகைதான்."

நாகி போனபின் அவன் பேசிய முதல் பேச்சு அது. பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மாதன் அழுதானா இல்லையா என்று அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் சாம்பிராணி மரம் எத்தனை கொத்துக் கொத்தினாலும் ஒரு வார்த்தை பேசாமல், பாலை மட்டும் சொட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று முதல்தான் சாம்பிராணி போடுகிறவர்கள் சட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகாமல், கையில் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் யார் கண் கலங்கினாலும், ஏன் என்று கேட்காமல் விசிறிக்கொண்டே இருக்கிறார்கள்.